மாலத்தீவுக்கு அரிசி கொடுப்போம், ஆற்று மணல் வேண்டாம்

2024 ஏப்ரல் முதல் வாரம். மாலத்தீவில் இருந்த இந்திய ராணுவ வீரர்களில் முதல் அணி ஊர் திரும்பியிருந்தது. மிச்சமிருந்தவர்கள் மே 10-ஆம் தேதிக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று மாலத்தீவு அரசு கெடு வைத்திருந்தது. சீனாவோடு ராணுவ உதவி ஒப்பந்தம் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. இங்கே, மாலத்தீவுக்குச் சுற்றுலா போகாதீர்கள் என்ற கூச்சல் இன்னும் அடங்கவில்லை. சரியாக அந்த வாரத்தில்தான் இந்தியா, 2024-25-ஆம் ஆண்டுக்கு மாலத்தீவுக்கு அனுப்ப அனுமதிக்கும் அத்தியாவசியப் பொருட்களின் அளவை அறிவித்தது. 1981-ல் இந்த ஏற்பாடு வந்த நாளிலிருந்து அவ்வளவு பெரிய ஒதுக்கீடு இருந்ததே இல்லை.

அரிசி 1,24,218 டன். கோதுமை மாவு 1,09,162 டன். சர்க்கரை 64,494 டன். வெங்காயம் 35,749 டன். முட்டை ஏறக்குறைய 42 கோடியே 75 லட்சம். உள்ளூர் மக்களும் அங்கே வேலைக்குப் போனவர்களுமாகச் சில லட்சம் பேர், அதற்கு மேல் ஆண்டுக்கு 20 லட்சம் சுற்றுலாப் பயணிகள் என்றால் அவ்வளவும் தேவைதான். முந்தைய டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்கே தடை போட்டு நம் விவசாயிகளைக் கட்டிப்போட்டிருந்த நேரம் அது. அப்போதும் மாலத்தீவுக்குக் கதவு திறந்தே இருந்தது.

நம்மைப் போகச் சொன்னவர்களுக்கு நாம் ஏன் இத்தனை அனுப்ப வேண்டும்? டீக்கடையில் தொடங்கித் தொலைக்காட்சி விவாதம் வரை இந்தக் கேள்வி ஓடியது, இன்றும் ஓடுகிறது. கேட்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1988 நவம்பரில் தலைநகர் மாலேயைப் பிடிக்க ஆயுதக் குழு இறங்கியபோது, ஆக்ராவிலிருந்து பாராசூட் படையைச் சில மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கியது இந்தியா. 2014 டிசம்பரில் மாலேயின் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையில் தீப்பிடித்து ஊரே குடிதண்ணீருக்குத் தவித்தபோது, விமானத்திலும் போர்க்கப்பலிலும் தண்ணீர் போனது. 2021 ஜனவரியில் இந்தியா வெளிநாடுகளுக்குக் கொடுத்த முதல் கொரோனா தடுப்பூசிகளில் ஒரு லட்சம் டோஸ் அவர்களுக்குத்தான். இவ்வளவுக்கும் நடுவில் 2012-ல் ஓர் இந்திய நிறுவனத்தின் விமான நிலைய ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். பிறகு நடுவர் தீர்ப்பின்படி இழப்பீடு கொடுத்தார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் ஒருமுறை டெல்லி, ஒருமுறை பெய்ஜிங் என்று திசை மாறுகிறார்கள். இப்படிப்பட்ட நட்பை நம்பிப் பெட்டியைத் திறக்கலாமா?

திறக்கலாம் என்பதே என் கருத்து. அரசு மாறும், மக்கள் மாறுவதில்லை. மாலேயில் 1995-ல் இந்திய உதவியோடு திறந்த இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை எந்தக் கட்சி ஆண்டாலும் பிரசவம் பார்க்கிறது. 2024 ஆகஸ்ட்டில் 28 தீவுகளுக்கான குடிநீர், கழிவுநீர்த் திட்டங்கள் இந்தியக் கடனில் முடிந்து கைமாறின. அந்தக் குழாயில் வரும் தண்ணீரை, நமக்கு எதிராகக் கோஷம் போட்டவரும்தான் குடிக்கிறார். குடிக்கட்டும்.

பணத்தைப் பற்றியும் நான் அதிகம் பதற மாட்டேன். 2024 அக்டோபரில் அந்த நாட்டின் அந்நியச் செலாவணி காலியாகும் நிலையில் இருந்தபோது 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் நாணயப் பரிமாற்றமாகக் கொடுத்தோம். 2025 ஜூலையில் 4,850 கோடி ரூபாய்க்குக் கடன் வரம்பு; பழைய கடனின் ஆண்டுத் தவணை 5.1 கோடி டாலரிலிருந்து 2.9 கோடியாகக் குறைப்பு. தலைப்புச் செய்தியில் படிக்கும்போது வயிறு எரியும்தான். ஆனால் கடன் வரம்பு என்பது பெரும்பாலும் இந்திய நிறுவனத்துக்கு வேலை, இந்தியச் சரக்குக்கு ஆர்டர். மாலேயையும் திலஃபுஷித் தீவையும் இணைக்கும் 6.74 கிலோமீட்டர் பாலம் 40 கோடி டாலர் கடனிலும் 10 கோடி டாலர் மானியத்திலும் கட்டப்படுகிறது. கட்டுவது இந்திய நிறுவனம். கொடுத்ததில் பெரும்பகுதி சுற்றி வந்து இங்கேயே சேர்கிறது. மிச்சமும் கடன் கணக்கில் நிற்கிறது.

முழுவதையும் நிறுத்து என்பவர்களும் இருக்கிறார்கள், நாம் விலகினால் சீனா நுழையும், கேட்டதையெல்லாம் கொடு என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்புமே பட்டியலை முழுவதும் படித்ததாகத் தெரியவில்லை.

அந்த ஏப்ரல் பட்டியலில் முட்டைக்கும் வெங்காயத்துக்கும் கூட்டிக் கொடுத்தது 5 சதவீதம்தான். 25 சதவீதம் கூட்டிய பொருட்கள் இரண்டு. ஆற்று மணல் 10 லட்சம் டன். ஜல்லி 10 லட்சம் டன்.

வீடு கட்டியவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரு யூனிட் மணல் என்றால் 100 கன அடி, எடை சுமார் நாலரை டன். 10 லட்சம் டன் என்பது 2 லட்சம் யூனிட்டுக்கு மேல். மூன்று யூனிட் ஏற்றும் டிப்பர் லாரியில் கொண்டுபோனால் 70,000 நடைக்கு மேல். அனுமதித்த உச்ச வரம்பு இது. அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். பொதுவாக ஆற்று மணல் ஏற்றுமதிக்கு நம் நாட்டில் தடை இருக்கிறது. மாலத்தீவுக்கு, நட்பின் பேரில் விலக்கு. அவர்கள் விலை கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். ஆனாலும் வேறு யாருக்கும் விற்காததை ஒருவருக்கு விற்பது சலுகைதான், அதாவது உதவிதான்.

இந்தப் பொருட்கள் வெளியேற அனுமதித்த நான்கு இடங்களில் ஒன்று தூத்துக்குடி. பழைய துறைமுகத்தில் நின்று பார்த்தால் இரண்டு விதமான ஏற்றுமதியும் கண்ணில் படும். மரத் தோணியில் பலகை வழியே ஏறி இறங்கி வெங்காய மூட்டையும் காய்கறிக் கூடையும் முட்டைப் பெட்டியும் அடுக்குவார்கள். தோணியை ஓட்டும் தண்டல் காற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாமக்கல் முட்டை மாலேக்குப் போனால் நாமக்கல்லில் கோழி மறுநாளும் முட்டையிடும். சற்றுத் தள்ளி, தட்டையான பார்ஜில் ஜல்லி மலைபோலக் குவிந்திருக்கும். அதை இழுவைக்கப்பல் கயிறு கட்டி இழுத்துப் போகும். அந்த ஜல்லி ஒரு குன்றின் துண்டு. அது மறுபடி வளராது.

அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில், புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் சேர்கிறது. இந்த ஆற்றில் மணல் அள்ளுவதை நிறுத்தச் சொல்லி முதுபெரும் அரசியல் தலைவர் ஒருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே வாதாடி, 2010 டிசம்பரில் ஐந்தாண்டுத் தடை வாங்கினார். மணல்தான் ஆற்றின் தண்ணீர்த் தொட்டி. மணல் போன இடத்தில் வெள்ளம் நிற்காமல் ஓடிவிடுகிறது, ஊற்று வற்றுகிறது, கடற்கரைக் கிணறுகளில் உப்பு ஏறுகிறது. உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. தண்ணீரை வாயில் வைத்தாலே தெரியும். 2017-ல் இங்கே மணல் கிடைக்காமல் மலேசியாவிலிருந்து கப்பலில் மணல் வந்து இறங்கியதும் இதே தூத்துக்குடியில்தான். வெளிநாட்டு மணலை எதிர்பார்க்கும் நிலைமையில் இருந்தவர்கள் நாம்.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற இடத்தில்தான் எடுக்க வேண்டும், தடை செய்த கடற்கரைப் பகுதியில் அள்ளக் கூடாது என்று நிபந்தனை உண்டு. நிபந்தனை காகிதத்தில் இருப்பதற்கும் ஆற்றங்கரையில் இருப்பதற்கும் உள்ள தூரம் தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? நள்ளிரவில் லாரி மறித்த கிராம நிர்வாக அலுவலர்கள் தாக்கப்பட்ட செய்திகளை நாம் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

மாலத்தீவின் தேவை பொய்யில்லை. பவளப்பாறையை வெட்டி வீடு கட்டிய காலம் அவர்களுக்கும் முடிந்துவிட்டது. அந்தப் பவளம்தான் அவர்களைக் கடலிடமிருந்து காக்கிறது. தங்கள் பவளத்தைக் காப்பதற்கு அவர்களுக்கு உரிமை இருப்பதுபோல, நம் ஆற்றைக் காப்பதற்கு நமக்கும் உரிமை இருக்கிறது. கூடுதலாகக் கடன் கொடுக்கலாம், வட்டியைக் குறைக்கலாம், மருத்துவர்களையும் ஆசிரியர்களையும் அனுப்பலாம். அரிசியை இன்னும் 10 சதவீதம் கூட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் அடுத்த ஒதுக்கீட்டில் ஆற்று மணல் என்ற வரி இருக்கக் கூடாது. ஜல்லியின் அளவும் பழைய 8 லட்சம் டன்னுக்குக் கீழே வர வேண்டும். அதுவரை அனுப்பிய ஒவ்வொரு டன்னும் எந்த ஆற்றில், எந்தக் குவாரியில் எடுத்தது என்ற கணக்கு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். தென்மாவட்ட எம்.பி.க்கள் வரும் கூட்டத்தொடரிலேயே இந்தக் கேள்வியை எழுத்து மூலம் கேட்க வேண்டும்.