காலனிக் கைபேசியும் இரண்டு பூட்டுகளும்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் மாலை நேரத்தில் முசிறிக்கும் துறையூருக்கும் லால்குடிக்கும் பேருந்து ஏறக் காத்திருக்கும் மாணவர்களில் கைபேசி இல்லாதவர் அரிது. அவர்களில் பலர் காலனிகளிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். இங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள உறையூரில், 2025 ஏப்ரலில், குடிநீரில் கழிவுநீர் கலப்பதாக மக்கள் புகார் கூறினர். இறப்புகளுக்குக் குடிநீர் காரணமல்ல என்று நிர்வாகத் தரப்பு மறுத்தது. நாளை உங்கள் தெருக் குழாயில் நாற்றமடிக்கும் தண்ணீர் வந்தால், அதைப் படம் எடுத்து வெளியிடலாமா? வெளியிட்டால் வழக்கு வருமா?

இது பழைய கேள்விதான். பம்பாயில் பிளேக் பரவியபோது, 1897-இல் ஆங்கில அரசு தொற்றுநோய்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிளேக் கால அடக்குமுறையை எதிர்த்து எழுதிவந்த 'கேசரி' இதழின் திலகர் அதே ஆண்டு ராஜத்துரோக வழக்கில் சிறைக்குப் போனார். அது அரசு போட்ட பூட்டு. 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். காசு கொடுக்க முன்வந்தும் அதன் விளம்பரத்தை வெளியிட மறுத்தது அதே 'கேசரி'. அது சாதி போட்ட பூட்டு. பத்திரிகைச் சுதந்திரம் என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் முதல் பூட்டைத்தான் பார்க்கிறார்கள். நமக்கு இரண்டும் உண்டு.

இரண்டாவது பூட்டு இன்னும் திறக்கவில்லை. ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்ட்ரியும் 2019-இல் நடத்திய ஆய்வில், செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழையும், 1907-இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் சொந்தமாக நடத்த வேண்டியிருந்தது. அன்று அச்சகம் செய்த வேலையை இன்று கைபேசி செய்கிறது.

ஆனால், முதல் பூட்டு இப்போது கைபேசியை நோக்கித் திரும்பியிருக்கிறது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், கோவையில் 'சிம்ப்ளிசிட்டி' இணையச் செய்தித் தளத்தின் நிறுவனர் ஆண்ட்ரூ சாம் ராஜபாண்டியன் கைது செய்யப்பட்டார். ரேஷன் விநியோக முறைகேடு பற்றியும் அரசு மருத்துவமனை மருத்துவர்களின் உணவுப் பிரச்சினை பற்றியும் அத்தளம் எழுதியிருந்தது. மாநகராட்சி அதிகாரியின் புகாரில் பாய்ந்த சட்டங்களில் அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்று. அவருடைய நிருபரும் புகைப்படக்காரரும் காவல் நிலையத்தில் பல மணி நேரம் வைக்கப்பட்டனர். சில நாள்களில் அவருக்குப் பிணை கிடைத்தது.

நகரத்துச் செய்தித் தளத்துக்கே இந்த நிலை. காலனிக்கு? பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலைப் பாருங்கள். 2022 டிசம்பரில் குழந்தைகள் நோயுற்றனர். தண்ணீரைச் சந்தேகித்து மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது மலம் கலந்திருந்தது தெரிந்தது. அந்தச் செய்தி நாடு முழுக்கப் பரவியது, அதிகாரிகள் ஓடி வந்தார்கள். ஆனால், 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் குற்றம் சாட்டப்பட்ட மூவரும் அதே தலித் சமூகத்தவர். கைபேசிப் படங்களும் பதிவுகளும் சான்றுகளில் அடங்கும் என்றது அரசுத் தரப்பு. ஊர்மக்கள் இதை ஏற்கவில்லை. விடுதலைச் சிறுத்தைகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் சிபிஐ விசாரணை கோரின. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால், 'படம் எடுத்தால் நம் தலையிலேயே விழும்' என்ற அச்சம் காலனிகளில் பரவினால், அடுத்த தொட்டியில் யாரும் ஏறிப் பார்க்க மாட்டார்கள். நோய் மட்டும் பரவும்.

இந்த அச்சத்துக்கு எதிராக நம் கையில் ஓர் ஆயுதம் உண்டு. ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் மக்கள் அலைந்த நேரத்தில், 2021 ஏப்ரல் 30 அன்று, நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தெளிவாகச் சொன்னது: குடிமக்கள் தங்கள் துயரைச் சமூக ஊடகத்தில் சொன்னால் அதைப் பொய்த் தகவல் என்று ஒடுக்கக் கூடாது, ஒடுக்கினால் நீதிமன்ற அவமதிப்பு.

உண்மைதான் நமக்குப் பாதுகாப்பு. எனவே, மாணவர்களே, பார்த்ததை மட்டும் பதிவு செய்யுங்கள், கேள்விப்பட்டதைச் சேர்க்காதீர்கள். நாள், நேரம், இடம் குறியுங்கள். நோயாளியின் முகத்தையும் பெயரையும் காட்டாதீர்கள். மூலப் பதிவை அழிக்காமல் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். தனியாக வெளியிடாமல், ஊரார் நாலு பேர் கையெழுத்துடன் திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் கொடுத்து ரசீது வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி, உயிர் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனை முடிவை அப்படிக் கேளுங்கள்.

செய்தியாளர் நம் காலனிக்கு வரும்வரை தொட்டித் தண்ணீர் காத்திருக்காது. அங்கே முதலில் இருக்கப் போவது நீங்கள்தான்.