பார்வையாளர் அல்ல, பங்கேற்பாளர்

சோமனூர்ப் பகுதியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பலர் விசைத்தறிக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுள் ஒருத்தி பார்வையற்றவள். செய்முறை வகுப்பில் அவளைத் தோழியின் அருகே அமர வைப்பேன். தோழி சோதனையைச் செய்து, நிறம் மாறியதைச் சொல்வாள்; இவள் கேட்டுக்கொள்வாள். இதுதான் உள்ளடக்கிய கல்வி என்று எண்ணியிருந்தேன்.

ஒரு நாள் அமிலம், காரம் கண்டறியும் சோதனை முடிந்ததும், "எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று கேட்டேன்.

"நான் எங்கங்க சார் கண்டுபிடிச்சேன்? அவ சொன்னா, அதைத்தானுங்க நானும் சொல்றேன்" என்றாள்.

தவறு என்னுடையது. பாடத்தின் நோக்கம் நிறத்தைப் பார்ப்பதன்று. அமிலத்தையும் காரத்தையும் வேறுபடுத்துவது. அதற்கு மூக்கும் காதும் போதுமே!

வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, துணித் துண்டுகளுடன் நெகிழிப் பையில் இறுகக் கட்டி ஓர் இரவு வைத்தோம். துணிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. மறுநாள் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, ஒரு துண்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் மற்றொன்றில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடும் சில துளிகள் இட்டாள். இரண்டையும் நீரில் நன்கு அலசிய பின் முகர்ந்தாள். அமிலம் பட்ட துணியில் வெங்காய மணம் இருந்தது. காரம் பட்டதில் மறைந்திருந்தது. அடுத்து, சோடியம் கார்பனேட்டுடன் அமிலம் சேர்ந்ததும் நுரைத்துப் பொங்கும் ஒலியைக் கேட்டாள். அன்று வகுப்பில் முதலில் விடை சொன்னவள் அவள்தான். மற்ற மாணவர்களும் கண்களை மூடிக்கொண்டு செய்து பார்த்தனர்.

இதன் பின் ஆய்வகத்தில் செய்த மாற்றங்களுக்குப் பெரிய செலவு ஏதுமில்லை:

• திரவத்தை அளக்க, தண்டில் 5 மி.லி. அளவில் வெட்டுக்குறி இட்ட, ஊசியில்லாத சிரிஞ்ச்.

• செல், இதயம் போன்ற படங்களின் கோடுகள் மீது தறி நூலை ஒட்டிய தொட்டுணர் அட்டைகள்.

• குப்பிகள் உருளாமலும் திரவம் சிந்தாமலும் இருக்க, விளிம்புள்ள தட்டு.

• சக்கர நாற்காலிக்கு 90 செ.மீ. அகல வழி, முழங்கால் நுழையும்படி அடியில் இடமுள்ள தாழ்வான மேசை ஒன்று.

• செவித்திறன் குறையுடையோருக்குப் படிநிலைகளை எழுதிய அட்டை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு விளக்கம் சொல்லக் கூடாது. எச்சரிக்கைக்கு விளக்கை அணைத்துப் போட வேண்டும்.

தொடுதல் ஆய்வுக்குப் போதுமா என்று ஐயம் எழலாம். நெதர்லாந்தில் பிறந்து, சிறு வயதிலேயே பார்வையிழந்த கீரட் வெர்மை, சங்கு, சிப்பிகளின் ஓடுகளை விரல்களால் தடவி ஆராய்ந்தே உலகறிந்த பரிணாம அறிவியலாளர் ஆனார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஒவ்வொரு மாணவரின் தேவைக்கேற்ற வசதியைப் பள்ளி செய்து தர வேண்டும் என்கிறது. ஆகவே இது நம் இரக்கம் அன்று, அவர்கள் உரிமை. வட்டார வள மையச் சிறப்பாசிரியரையும், முதன்மையாக அந்த மாணவரையும் கலந்து பேசித் திட்டமிடுவோம்.

ஒவ்வொரு செய்முறைக்கு முன்பும் இரு கேள்விகள் கேட்டுக்கொள்வோம்: இதில் மாணவர் கண்டறிய வேண்டியது எது? அதை அவர் தாமே கண்டறிய வேறு வழி எது?