ஊடுருவலின் மறுபக்கம்: ஒரு சொல்லாய்வு

'ஊடுருவல்' என்னும் சொல் நாளேடு படிப்போர் யாவரும் அறிந்ததே. 1964ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் இந்தோனேசியப் படையினர் கடல் வழியாக வந்து ஜொகூரின் பொந்தியான் கரையில் இறங்கினர். பிறர் அறியாவண்ணம் இவ்வாறு உட்புகுதலே ஊடுருவல். ஆயின், உள்ளிருப்பவரை அல்லது உள்ளிருக்கும் பொருளைப் பிறர் அறியாவண்ணம் வெளியே கொண்டுபோதலுக்குப் பெயர் என்ன? ஆங்கிலத்தார் அதனை 'எக்ஸ்பில்ட்ரேஷன்' என்பர். இந்நாளில் கணினி பற்றிய செய்திகளில் இச்சொல் அடிக்கடி வருகிறது. தமிழில் ஒருவர் அதனைத் 'திருட்டு' என்கிறார். மற்றொருவர் 'கசிவு' என்கிறார். இவை பொருந்துமா என்று பார்ப்போம்.

இச்சொல்லின் நடுவே நிற்பது 'பில்டர்', அதாவது வடிகட்டி. இதன் மூலம் இடைக்கால இலத்தீனில் வழங்கிய 'பில்ட்ரும்' என்பதாகும். கம்பளி மயிரை அழுத்திச் செறிவாக்கிய ஒருவகைத் துணிக்கு அது பெயர். அத்துணி நீர்மங்களை வடிகட்டப் பயன்பட்டது. காப்பிக் கடையில் துணிப்பையில் காப்பி இறங்குவதைப் பார்த்தவர்க்கு இக்கருத்து எளிதில் விளங்கும். 'இன்' என்னும் முன்னொட்டு உள்நோக்கிய செலவையும், 'எக்ஸ்' என்பது வெளிநோக்கிய செலவையும் குறிக்கும். சிறு துளைகளின் வழியே உள்ளே இறங்குவது ஒன்று; வெளியே கசிவது மற்றொன்று.

பொறியியலில் இச்சொல்லுக்கு இன்றும் இந்த நேர்ப்பொருளே உண்டு. கழிவுநீர்க் குழாயில் வெடிப்பு இருந்தால், நிலத்தடி நீர் குழாயினுள் புகலாம். குழாயின் கழிவுநீர் மண்ணிலும் இறங்கலாம். பின்னது எக்ஸ்பில்ட்ரேஷன். கட்டடத்தின் இடுக்குகள் வழியே உட்காற்று வெளியேறுவதற்கும் அதுவே பெயர். இங்கே சூழ்ச்சி இல்லை, மறைவும் இல்லை. ஆகவே இவ்விடத்து 'வெளிக்கசிவு' என்பது முற்றும் பொருந்தும்.

படைத்துறையிலும் உளவுத்துறையிலும் பொருள் வேறாகிறது. பகைவர் நிலத்தில் பணி முடித்த வீரர் பிறர் கண்ணிற் படாமல் மீள்வதும் எக்ஸ்பில்ட்ரேஷன். அங்கே சிக்கியிருக்கும் ஒருவரைப் பிறர் மறைத்து அழைத்து வருவதும் எக்ஸ்பில்ட்ரேஷன். ஓலெக் கோர்டியெவ்ஸ்கி என்பார் சோவியத்து உளவுத்துறையில் உயர் அலுவலராக இருந்துகொண்டே பிரிட்டனுக்கு மறைவாகச் செய்தி தந்தவர். அவர்மீது ஐயம் விழுந்தபின், 1985ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பிரிட்டிஷ் உளவுத்துறையினர் அவரைக் காரின் பின்பெட்டியில் மறைத்து எல்லை கடத்திப் பின்லாந்துக்குக் கொண்டு சென்றனர்.

இவ்விரண்டு செயலையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறது. தமிழுக்கோ தன்வினை, பிறவினை என்னும் பாகுபாடு உண்டு. வீரர் தாமே மீண்டால் அது 'கரந்து வெளியேறல்'. கோர்டியெவ்ஸ்கியைப் பிறர் கொண்டு சென்றது 'கரந்து வெளியேற்றல்'. ஏறல், ஏற்றல் என்ற ஓரெழுத்து வேறுபாடே செய்தவர் யார் என்பதைக் காட்டிவிடுகிறது. மாணவர்க்கு இலக்கணத்தின் பயனை உணர்த்த இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

இனி, கணினித் துறைக்கு வருவோம். சிங்கப்பூரில் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணினியமைப்பு தாக்குதலுக்கு உள்ளானது. 2018ஆம் ஆண்டு ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை ஏறத்தாழ 15 இலட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த நாள் முதலியன படியெடுக்கப்பட்டு வெளியே சென்றன. அவர்களுள் ஏறத்தாழ 160,000 பேர் புறநோயாளிகளாகப் பெற்ற மருந்துகளின் விவரமும் சென்றது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அவற்றுள் அடங்கும். தாக்கியோர் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டிலேயே உட்புகுந்துவிட்டனர் என்று விசாரணையில் தெரியவந்தது. ஆகவே ஊடுருவலுக்கும் வெளியேற்றலுக்கும் இடையே பத்துத் திங்கள் கழிந்துள்ளன.

இதனைத் 'திருட்டு' என்றால் போதுமா? திருட்டுப் போன பொருள் இருந்த இடத்தில் இராது. இங்கோ ஏடுகள் அழிக்கப்படவில்லை, மாற்றப்படவுமில்லை. யாவும் இருந்தபடியே இருந்தன. போனது படி மட்டுமே. எதுவும் குறையாமையால் இழப்பைக் கண்டறிதல் அரிதாகிறது. 'கசிவு' என்றாலோ, ஓட்டைக் குழாய்போல எவரும் செய்யாமல் தானே நேர்ந்ததாகப் பொருள்படும். செய்தவனின் சூழ்ச்சி மறைந்துவிடும். வெளிநோக்கிய செலவு, மறைவு, வேண்டுமென்றே செய்தல் ஆகிய மூன்றும் சொல்லில் தோன்ற வேண்டும். 'தரவைக் கரந்து வெளியேற்றல்' என்பதில் மூன்றும் உள. கரத்தல் என்பது மறைத்தல். அது பழந்தமிழ்ச் சொல்லே.

'உருவுதல்' என்பதையும் ஈண்டு எண்ணிப் பார்க்கலாம். அம்பு உடலை உருவிற்று என்றால் துளைத்துச் சென்றது என்பது பொருள்; வாளை உறையினின்று உருவினான் என்றால் வெளியே இழுத்தான் என்பது பொருள். ஊடுருவலில் முன்னைய பொருள் நிற்கிறது. பின்னைய பொருளைக் கொண்டு, சுருக்கம் வேண்டுமிடத்துத் 'தரவுருவல்' என்றும் சொல்லலாம்.

சொல் சரியாக அமைந்தால் எண்ணமும் சரியாக அமையும். ஊடுருவல் என்னும் சொல்லை மட்டும் அறிந்தவன் நுழைவாயிலை மட்டுமே காப்பான். பகைவன் உள்ளே வந்துவிட்ட பின்னரும் பொருள் வெளியே போகாமல் தடுக்கலாம் என்பதை மறுபக்கச் சொல் அவனுக்கு உணர்த்தும். வருவோரைப் பார்ப்பதோடு, போவது யாது என்பதையும் பார்ப்பதே முழுக் காவல்.