'அண்ணாச்சியை மூணு வாரமா காணோமே?' - ஒரு கேள்வியில் தொடங்கும் சபை உதவி… எப்படி நடக்கிறது?

திருமுல்லைவாயிலில் ஏதோ ஒரு சர்ச். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரம். "அண்ணாச்சியை மூணு வாரமா காணோமே, என்னாச்சு?" என்று யாராவது கேட்பார்கள். சும்மா விசாரிப்பது மாதிரிதான் இருக்கும். ஆனால் கஷ்டத்தில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குச் சபை உதவுவது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. காணிக்கைப் பை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த ஏரியாவில் இது ஏன் முக்கியம்? அம்பத்தூர் எஸ்டேட், ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள், இங்கேயே இருக்கும் மகளிர் தொழிற்பேட்டை என்று வேலையைத் தேடி வந்து குடியேறியவர்கள் இந்த ரயில் தடம் முழுக்க இருக்கிறார்கள். நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கமிருந்து வந்தவர்களுக்குச் சொந்தபந்தம் எல்லாம் 600 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். ராத்திரி 11 மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமென்றால் ஊர்ச் சித்தப்பாவால் வர முடியாது. பக்கத்து பெஞ்சில் உட்காருபவர் வருவார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எஸ்டேட்டில் கான்ட்ராக்ட் முறையில் லேத் ஓட்டும் ஒருவர், மாதச் சம்பளம் 15,000 ரூபாய். லீவு நாளில் பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிகிறது, மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாது என்று வைத்துக்கொள்வோம். 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, தகுதி இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் கான்ட்ராக்டர் அவர் பெயரைப் பதிவே பண்ணலைன்னா?

அடுத்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆனால் ஆண்டு வருமானம் 1.2 லட்சத்தைத் தாண்டக் கூடாது, அதாவது மாதம் 10,000. நம்ம ஆள் அதற்கும் மேலே. ஒன்றில் பெயர் இல்லை, இன்னொன்றுக்குச் சம்பளம் அதிகம்!

அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும் வீட்டு வாடகை, பால், பிள்ளையின் வேன் ஃபீஸ் எல்லாம் நிற்கப் போவதில்லை. சபை உதவி வந்து சேரும் இடம் இதுதான். ஒரு மாத வாடகை, ஒரு அரிசி மூட்டை, ஆஸ்பத்திரியில் ராத்திரி கூட இருக்க ஒரு ஆள், பிள்ளையை ஸ்கூலில் விட இன்னொரு ஆள். தொகை பெரிதில்லை. உடனே வருவதுதான் பெரிது.

யார் முடிவு பண்றாங்க?

சபைக்குச் சபை மாறும். சி.எஸ்.ஐ. சபைகளில் ஆயரும் சபைக் கமிட்டியும் பேசி முடிவெடுப்பார்கள். திருவிருந்து ஆராதனையில் எடுக்கும் காணிக்கையைச் சில சபைகள் ஏழைகளுக்கென்றே தனியாக வைக்கின்றன. யார் வீட்டில் என்ன நிலைமை என்பது பெரும்பாலும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாக்களுக்குத்தான் கமிட்டிக்கு முன்னாடியே தெரியும். (அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் கைமாறிக் கைமாறி என்ன விலைக்குப் போகும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அது தனிக் கட்டுரை.)

பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் பாஸ்டரே முடிவெடுப்பார். போன் பண்ணினால் அன்றைக்கே உதவி கிடைக்கும். கணக்கு பலருக்குத் தெரியாமல் போவதற்கும் அதுவே காரணம்.

கத்தோலிக்கப் பங்குகளில் பல இடங்களில் வின்சென்ட் தே பவுல் சபை இந்த வேலையைச் செய்கிறது. 1833 ஏப்ரல் 23 அன்று பாரிஸில் இதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் ஓசானாமுக்கு அன்றுதான் 20 வயது முடிந்தது. காலேஜ் பையன். 'உங்க சர்ச் இப்போ ஏழைகளுக்கு என்ன செய்யுது?' என்று விவாத மேடையில் எழுந்த கேள்விதான் தூண்டுதல். ரோசலி ராண்டு என்ற கன்னியாஸ்திரி எந்தெந்த வீடுகளுக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டினார். இன்றும் அதே முறைதான். இரண்டு இரண்டு பேராக வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள், திரும்பி வந்து கூட்டத்தில் சொல்வார்கள். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும், யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது.

புதுசு இல்லை, புகாரும் புதுசு இல்லை

அப்போஸ்தலர் நடபடிகள் 6-ம் அதிகாரத்திலேயே ஒரு சண்டை வருகிறது. தினசரிப் பந்தியில் எங்கள் விதவைகளைக் கவனிப்பதில்லை என்று கிரேக்கம் பேசுகிறவர்கள் முறையிடுகிறார்கள். அதற்காகவே ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கி.பி. 251-ஐ ஒட்டி ரோம் ஆயர் கொர்நேலியு எழுதிய கடிதத்தில், அங்குள்ள சபை 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் எளியவர்களையும் பராமரித்ததாகக் குறிப்பு இருக்கிறது.

நம்ம ஊர்க் கதைக்கு நெல்லை போக வேண்டும். மதம் மாறியதால் இருந்த இடத்தை விட்டு விரட்டப்பட்டவர்களைக் குடியமர்த்த நிலம் வாங்குவதற்காக, 1830-ல் ரேனியஸ் அங்கே தர்ம சங்கத்தைத் தொடங்கினார். இன்றைக்கு இந்தப் பக்கம் சர்ச்சுக்கு வரும் பல குடும்பங்களின் பூர்வீகம் அதே மாவட்டம்தான்.

கேட்கத் தயங்குவது ஏன்?

பல சபைகளில் மாதச் சந்தா உண்டு. தென் மாவட்டத்தில் 'சங்கக் காணிக்கை' என்பார்கள். வேலை போனதும் முதலில் நிற்பது அதுதான். பாக்கி ஏறும். பாக்கி இருக்கும்போது போய் முகம் காட்ட முடியாது. ஆக, உதவி அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அவர் சர்ச்சுக்கு வருவதை நிறுத்துகிறார். ஆராதனைக்கு வருபவர்களுக்கு மட்டும் உதவுவது என்று ஒரு சபை இருந்தால், அவர் கணக்கிலேயே வரமாட்டார்.

வாடகை வீடு மாறி வந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஊர்ச் சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்கிக் கொடுக்காதவரை இங்கே பதிவேட்டில் பெயர் இருக்காது. ஐ.டி. வேலைக்கு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். தனியாக ரூம் எடுத்திருக்கும் பையனுக்கு டெங்கு வந்தால் யாருக்குத் தெரியும்?

இப்போது வாட்ஸ்அப் குரூப் வேறு. 'ஜெபிக்கவும்' என்று பெயர், நோய், ஜிபே நம்பர் எல்லாம் ஒரே மெசேஜில் வருகிறது. பணம் சீக்கிரம் சேருகிறது, உண்மை. ஆனால் பத்தாவது படிக்கும் அவர் பெண்ணின் ஃப்ரெண்ட்ஸும் அதே மெசேஜைப் படிக்கிறார்கள். அரிசி மூட்டை கொடுக்கும்போது போட்டோ எடுத்துப் போடுவது அதைவிட மோசம். அந்தப் படத்துக்கு ஒரு தேவையும் இல்லை.

பெரிய நோய் வந்தால் எந்தச் சபையாலும் தாக்குப்பிடிக்க முடியாது. டயாலிசிஸ், கேன்சர் என்றால் இரண்டாவது மாதமே நிதி தீர்ந்துவிடும். அப்போது உருப்படியான உதவி, படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் கூடப் போவதுதான். காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று, 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகைக்கான விண்ணப்பம் என்று எத்தனையோ இருக்கிறது. சபையில் இருக்கும் இளைஞர்கள் அரை நாள் லீவு போட்டால் முடிகிற வேலை.

அந்த அண்ணாச்சி வீட்டுக்கு யாராவது இரண்டு பேர் சாயங்காலம் போவார்கள். காபி குடிப்பார்கள், ஊர்க் கதை பேசுவார்கள், கிளம்பும்போது கவரை டீப்பாய் மேல் வைத்துவிட்டு வருவார்கள். சந்தா பாக்கியைப் பற்றி அங்கே வாய் திறக்கக் கூடாது என்பது எழுதாத விதி. எல்லாச் சபையிலும் அதைக் கடைப்பிடிக்கிறார்களா என்றால், இல்லை.