நம்முடைய இரத்தமே நமக்கு மருந்தாகுமா?

கவ்வாத்துக் கத்தி காலில் படாத ஆள் தோட்டத்தில் உண்டா? மழை நாளில் மலையில் சறுக்கி விழாத ஆள் உண்டா? வெட்டுக்காயம், சுளுக்கு, முழங்கை வலி, முழங்கால் வலி எல்லாம் நமக்குப் பழகிப்போன சங்கதிகள். அநேகமான காயங்கள் பத்துப் பதினைந்து நாளில் தானாக ஆறிவிடும். சில காயங்கள் மட்டும் மாதக்கணக்கில் ஆறாமல் ஆளை வாட்டும்.

"டவுன்ல ஒரு ஊசி இருக்காம். நம்ம இரத்தத்தையே எடுத்து நமக்கே போடுறாங்களாம். எந்த வலியா இருந்தாலும் போயிடுமாம்" என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது பொய்யில்லை. ஆனால், முழு உண்மையும் இல்லை. கையில் இருக்கும் நகையை அடகு வைப்பதற்கு முன் இதைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. அதனால்தான் இந்த இதழில் இதை விளக்குகிறோம்.

இரத்தத்தில் இருக்கும் சின்ன வேலையாட்கள்

டெங்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கு 'பிளேட்லட்' என்ற சொல் நன்றாகத் தெரியும். "பிளேட்லட் இறங்கிட்டு, இன்னும் ரெண்டு நாள் வார்ட்டில் இருக்கணும்" என்று சொல்வார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதையே குருதிச் சிறுதட்டுக்கள் என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இவை எலும்பு மச்சையில் உருவாகின்றன. சுகமாக இருக்கும் ஒருவரின் ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில், அதாவது ஒரு சொட்டிலும் மிகச் சிறிய பங்கில், 150,000 முதல் 450,000 வரை இருக்கும். செங்குழியங்கள் ஏறக்குறைய 120 நாள் உயிர்வாழும். சிறுதட்டுக்களின் ஆயுள் 7 முதல் 10 நாள்தான். இரத்தக் கசிவை நிறுத்துவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்பதை 1882இல் இத்தாலி நாட்டு விஞ்ஞானி பிட்சோசெரோ எடுத்துக் காட்டினார்.

இவற்றின் வேலை என்ன? லயத்துக் கூரைத் தகரம் காற்றில் பறந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் ஒரு படங்கைப் போட்டு மழையை மறைக்கிறோம். பிறகு ஆளைக் கூப்பிட்டுக் கூரையைத் திருத்துகிறோம். சிறுதட்டுக்களும் அப்படித்தான். வெட்டுப்பட்டவுடன் அந்த இடத்துக்கு ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டையை அடைக்கின்றன. இது முதல் வேலை. அதன் பிறகு தங்களுக்குள் இருக்கும் சில பொருட்களை வெளியே விடுகின்றன. இவற்றை வளர்ச்சிக் காரணிகள் என்பார்கள். "இங்கே புதுத் தோல் வேண்டும், புது இரத்தக் குழாய் வேண்டும்" என்று உடம்புக்குச் சொல்லி அனுப்புவது இவைதான். இது இரண்டாவது வேலை.

அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கடி சின்னதுதான். ஆனால், அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கிறது. அதனால்தான் நம் உடம்பு ஓட்டையை அடைக்கச் சுணங்குகிறது.

சிகிச்சையை எப்படிச் செய்கிறார்கள்?

சிறுதட்டுக்களைக் கூட்டமாகச் சேர்த்து, ஆறாத இடத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன? இந்தச் சிகிச்சையின் யோசனை அவ்வளவுதான். வைத்தியர்கள் இதைச் சுருக்கமாக பி.ஆர்.பி. என்பார்கள்.

நோயாளியின் கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள். அது உறையாமலிருக்க மருந்து சேர்த்து, மிக வேகமாகச் சுற்றும் ஒரு இயந்திரத்தில் வைப்பார்கள். பாரமான செங்குழியங்கள் அடியில் தங்கும். மஞ்சள் நிறத் திரவம் மேலே வரும். அந்தத் திரவத்தில் சிறுதட்டுக்கள் நிறைந்த பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, நோவுள்ள இடத்தில் ஊசியாகப் போடுவார்கள். இல்லாவிட்டால் புண்ணின் மேல் வைத்துக் கட்டுவார்கள்.

சொந்த இரத்தம் என்பதால் மற்றவருடைய நோய் நமக்குத் தொற்றும் பயம் இல்லை. ஆனால், ஊசியும் குழாயும் சுத்தமாக இல்லாவிட்டால் கிருமி உள்ளே போகும். ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலியும் வீக்கமும் வரலாம்.

1986இல் அமெரிக்காவில் டொக்டர் டேவிட் நைட்டன் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும், நோயாளியின் சிறுதட்டுக்களிலிருந்து எடுத்த பொருளை நாட்பட்ட புண்களுக்குப் பூசிப் பார்த்தார்கள். 1998இல் டொக்டர் ரொபர்ட் மார்க்ஸ் தாடை எலும்புச் சத்திரசிகிச்சையில் சிறுதட்டுக்களைப் பயன்படுத்தியதை வெளியிட்டார். பிறகு பேர்போன விளையாட்டு வீரர்களும் இதைச் செய்துகொண்டார்கள். அதோடு இதன் புகழ் உலகெங்கும் பரவிவிட்டது.

பலன் கிடைக்குமா?

கிடைக்கும் இடமும் உண்டு, கிடைக்காத இடமும் உண்டு. இதுதான் நாம் கவனமாகப் பார்க்கவேண்டிய விஷயம்.

முதலில் சீனி வருத்தக்காரரின் காற்புண். பிரித்தானியா, டென்மார்க், சுவீடன் ஆகிய நாடுகளில் நடந்த ஒரு ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. நோயாளியின் இரத்தத்திலிருந்தே செய்த ஒரு படலத்தை, வாராவாரம் புண்ணின் மேல் வைத்துக் கட்டினார்கள். அப்படிச் செய்தவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கு 20 வாரத்துக்குள் புண் ஆறியது. வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கே ஆறியது. ஆகவே பலன் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டு பகுதியினருக்குமே புண்ணைச் சுத்தம் செய்து, மருந்து கட்டி, பாதத்தை நன்றாகப் பராமரித்தார்கள். அதை விட்டுவிட்டு இந்தச் சிகிச்சையை மட்டும் செய்யவில்லை.

அடுத்தது முழங்கால் தேய்வு. அவுஸ்திரேலியாவில் 288 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. பாதிப்பேருக்கு பி.ஆர்.பி. ஊசி, மற்றப் பாதிப்பேருக்கு வெறும் உப்புநீர் ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பகுதியினருக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்திருந்தது. குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் வலிக்கு நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்விலும் இதே கதைதான். முழங்கை வலி பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2021இல் பரிசீலித்தபோதும், இந்த ஊசியால் சொல்லத்தக்க நன்மை இருப்பதாகத் தெரியவில்லை.

"அப்போ பக்கத்து லயத்து அண்ணனுக்குச் சுகமாயிட்டே?" என்று கேட்கலாம். உப்புநீர் போட்டவருக்கும் வலி குறைந்ததை மறக்கக்கூடாது. ஓய்வும் நாளும் சேர்ந்தால் பல வலிகள் தானாகவே குறையும். ஊசிக்குப் பிறகு குறைந்தால் ஊசிக்குத்தான் பேர் போகும்.

நாம் செய்யவேண்டியவை

காயத்தை ஆற்றும் சக்தி ஏற்கனவே நம் இரத்தத்தில் இருக்கிறது. அதைத் தடுக்காமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

1. காயம் பட்டவுடன் சுத்தமான துணியால் பத்து நிமிடமாவது விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றபின் சுத்தமான தண்ணீராலும் சவர்க்காரத்தாலும் கழுவுங்கள். இரத்தம் பீறிட்டு ஓடினால் அழுத்திப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். அதற்குக் காசு இல்லை.

2. கோப்பித் தூள், தேயிலைத் தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதையும் காயத்தில் போடாதீர்கள். அது இரத்தத்தை நிறுத்துவதைவிடக் கிருமியைத்தான் உள்ளே கொண்டுபோகும்.

3. கத்தி, ஆணி, முள்ளுக்கம்பி பட்டால் ஏற்பு ஊசி தேவையா என்று தோட்ட மருந்துச்சாலையில் கேளுங்கள்.

4. சீனி வருத்தம் உள்ளவர்கள் தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாத அம்மா, அப்பாவின் பாதத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும். வெறுங்காலோடு நடக்கவேண்டாம். சின்னப் புண் என்றாலும் தாமதிக்காமல் காட்டுங்கள். கிளினிக் மருந்தை நிறுத்தவேண்டாம். சீனி கூடிய உடம்பில் புண் சுணங்கித்தான் ஆறும்.

5. மற்றவர்களும், இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை வைத்துக்கொண்டு பேர் போடப் போகாதீர்கள். சுருட்டு, சிகரெட் குடிப்பதும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

யாராவது இந்த ஊசியைப் போடச் சொன்னால், காசு கட்டுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். எனக்கு என்ன வருத்தம்? அந்த வருத்தத்துக்கு இது பலன் தரும் என்று ஆய்வில் தெரிந்திருக்கிறதா? மொத்தம் எத்தனை ஊசி, முழுச் செலவு எவ்வளவு? போடுபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த வைத்தியரா? பதில் சரியாக வராவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரி வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து குடிப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். அந்த மருந்தைத் தாங்களாக நிறுத்தக்கூடாது.

ஆறாத புண்ணுக்கு இந்தச் சிகிச்சை ஒருநாள் நம் எல்லோருக்கும் எட்டும்படி வந்தால் நல்லதுதான். அதுவரை, இரவில் பாதத்தைப் பார்ப்பதற்கும் காயத்தைக் கழுவுவதற்கும் ஒரு சதமும் செலவில்லை. பிள்ளைகளின் படிப்புக்காகச் சேர்த்த காசை ஒரு ஊசிக்குக் கொடுக்குமுன் இதை வீட்டில் எல்லோரும் ஒருதரம் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.