அயர்லாந்துப் பிரதமரை 'டீஷக்' என்று அழைப்பது ஏன்?

அயர்லாந்து குறித்த ஆங்கிலச் செய்திகளில் அந்நாட்டுப் பிரதமர் 'டீஷக்' என்றே பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறார். மும்பையில் பிறந்த மருத்துவர் ஒருவரின் மகனான லியோ வரத்கர், 2017-ஆம் ஆண்டு அப்பதவியை ஏற்றபோது இந்திய நாளிதழ்களிலும் இச்சொல் இடம்பெற்றது.

ஐரிஷ் மொழியில் 'டீஷக்' என்றால் தலைவர். துணைப் பிரதமரைக் குறிக்கும் 'டானிஷ்டா', முற்காலத்தில் குலத்தலைவரின் வாரிசாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு வழங்கிய பெயராகும். நாடாளுமன்றக் கீழவையான 'டால்' என்பதற்கு அவை என்று பொருள். காவல்துறைக்கோ 'அமைதியைக் காப்போர்' எனப் பொருள்படும் 'கார்டா ஷீஹானா' என்ற பெயர்.

அன்றாடச் சொற்கள் இவற்றினும் சுவையானவை. 'டியா க்விட்' என்ற வணக்கச் சொல்லுக்கு 'கடவுள் உம்முடன் இருப்பாராக' என்பது பொருள். பதில் வணக்கத்தில் மரியாளும் சேர்ந்துகொள்வார். மன்னிப்புக் கேட்பவர் 'என்மீது துயரம் உள்ளது' என்பார். 'ஆம்', 'இல்லை' என்பவற்றுக்குத் தனிச்சொற்கள் கிடையாது. 'வந்தாயா?' என்ற கேள்விக்கு 'வந்தேன்' அல்லது 'வரவில்லை' என்றே விடையளிக்க வேண்டும். 'இஷ்கா' என்றால் நீர். 'உயிர்நீர்' எனப் பொருள்படும் கேலிக் தொடரே ஆங்கிலத்தில் 'விஸ்கி' ஆனது.

1937-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டப்படி ஐரிஷ் முதல் அலுவல் மொழி, ஆங்கிலம் இரண்டாவதுதான். நடைமுறை நேர்மாறானது. 2022-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 18.7 லட்சம் பேர் ஐரிஷ் பேசத் தெரியும் என்று கூறினர். கல்வி நிலையங்களுக்கு வெளியே அதனை நாள்தோறும் பேசுவோர் சுமார் 72 ஆயிரம் பேர் மட்டுமே. அவர்களில் ஏறத்தாழ 20 ஆயிரம் பேர், ஐரிஷ் வழங்கும் பகுதிகளாக அரசு வரையறுத்துள்ள 'கேல்டக்ட்' ஊர்களில் வசிக்கின்றனர்.