தருமியை விரட்டாதீர்கள்!

தருமி என்றதும் ‘திருவிளையாடல்’ (1965) நாகேஷ்தான் நினைவுக்கு வருவார். பொற்காசுக்கு ஆசைப்பட்டுப் பாட்டோடு மதுரைச் சபைக்குப் போனவர், நக்கீரர் குற்றம் சொன்னதும் தலைகுனிந்து வெளியேறினார்.

இன்றைய சபைகள் நம் செல்போனில் இருக்கின்றன. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவதும் திருத்துவதும் தன்னார்வலர்கள்தான். பொது விவாதத்துக்கு ‘ஆலமரத்தடி’, உதவி கேட்க ‘ஒத்தாசைப் பக்கம்’ என்று அங்கே பெயர்களிலேயே ஊர் மணம்!

மேலூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் தன் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரம் சேர்க்கத் தெரியவில்லை. “விதிகளைப் படித்துவிட்டு வாருங்கள்” என்று ஒற்றை வரியில் சொல்லி நீக்கினால், அவர் திரும்பி வருவாரா? கண்மாயின் கதையும் அவரோடு போய்விடும்.

இவ்வளவு அவசரம் தேவையே இல்லை. விக்கியில் ஒவ்வொரு திருத்தமும் ‘வரலாறு’ பகுதியில் பதிவாகிறது. தவறை நாளைக்கும் திருத்தலாம். மனம் நொந்து போனவரை அழைத்துவருவதுதான் கஷ்டம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா சந்தேகம் கேட்டாலும் இதே முறைதான்:

• “இதுகூடத் தெரியாதா?” வேண்டாம். “எந்த இடத்தில் நிற்கிறது? ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள்” என்று கேளுங்கள்.

• ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் சொல்லுங்கள். அது முடிந்ததும் அடுத்தது.

• தவறைச் சொல்லும்போது, திருத்தும் வழியையும் சேர்த்தே சொல்லுங்கள்.

• பதில் சொல்லப் பொறுமை இல்லையா? பேசாமல் இருங்கள், குழுவில் வேறொருவர் சொல்வார்.

பொறுமையாகக் கற்றுக்கொண்டவர், நாளை இன்னொருவருக்குச் சொல்லித் தருவார்.